வாய்க்குள் சொல்லிப் பார்த்த பேச்சு

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் முதலில் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மருந்துக் கடைக்குப் போவதென்றால் தெருமுனையிலிருந்தே, முட்டிவலி மாத்திரை, போன தடவை கொடுத்தது, சிவப்பு அட்டை என்று உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டே நடப்பேன். முந்தானையை வாயருகில் பிடித்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கடையில் கூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. நம் முறை வருவதற்குள் திரும்பவும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் முறை வந்ததும் சொல்லிப் பார்த்ததில் பாதிதான் வெளியே வரும். சில நேரம் சம்பந்தமே இல்லாத வேறொன்று வரும். மாத்திரை வாங்கப் போய்த் தைலம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

சின்னப் பிள்ளையிலிருந்தே இப்படித்தான். ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரியும். நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பெண்ணிடம் போய்விடுவார். அப்புறம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் சேர்ந்தேன். மெஷின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் கடைக்கும் ஆபீசுக்கும் அவரே போய்வந்துவிடுவார். அவருக்குக்கூட இந்தப் பழக்கம் தெரியாது. தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

வாழ்நாளில் ஒரே ஒருத்தியிடம்தான் இதைச் சொன்னேன். அதனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபம். எதிரில் நின்று யாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

எங்கள் ஆம்பூரில் ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் மூடிப்போன தோல் ஷெட் ஒன்று இருக்கிறது. தோல் போய் எத்தனையோ காலம் ஆகியும் மழை பெய்தால் சுவரிலிருந்து வாசனை கிளம்பும். அதை வாடகைக்கு எடுத்து ஒரு சின்ன நாடகக் குழு நடக்கிறது. நடத்துகிறவர் இந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா தோல் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தவர். இவர் வெளியூர்களில் நாடகம் படித்துவிட்டு வயது நாற்பதைத் தாண்டித் திரும்பி வந்தார். எல்லோருக்கும் அவர் சார். அவர் போடுவது ஷேக்ஸ்பியர் நாடகங்கள் மட்டும். வெள்ளைக்கார ராஜாக்களின் கதையைப் பார்க்க இந்த ஊரில் யார் வருவார்கள் என்று ஆரம்பத்தில் சிரித்தார்களாம். அவர் ராஜாவையெல்லாம் தோல் கம்பெனி முதலாளியாக்கிவிட்டார். ஒரு கதையில் வருகிற சூனியக்காரிகள் மூன்று பேரும் ரப்பர் பூட்சும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, தோல் ஊறவைக்கிற மர டிரம்மை உருட்டிக்கொண்டே குறி சொல்லுவார்கள். கப்பல் கவிழ்ந்து தீவில் ஒதுங்குகிற கதை ஒன்று. அதற்குப் பாலாற்று மணலை லாரியில் கொட்டி, வெள்ளம் வடிந்த ஆற்றின் நடுத்திட்டாக ஆக்கினார்.

மூன்று நாடகம் எப்போதும் கையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாற்றி மாற்றிப் போடுவார்கள். இந்த வாரம் முதலாளியாக உட்கார்ந்தவர் அடுத்த வாரம் வாட்ச்மேனாக நிற்பார். கல்யாண மண்டபத்து நாற்காலிகள். வருகிறவர்கள் கம்பெனி ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். உருதுவில் ஒரு கிண்டல் வந்தால் பாதிக் கூட்டம் முதலில் சிரிக்கும். மறுபாதி பக்கத்து நாற்காலியில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சிரிக்கும். அந்த இரண்டாவது சிரிப்பு முடிகிற வரைக்கும் நடிப்பவர்கள் நின்று காத்திருப்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஷெட் என் பக்கத்து வீட்டுக்காரியின் மாமனார் வீட்டுச் சொத்து. அவள் எனக்குத் தங்கை மாதிரி. வாய் ஓயாது. தோலும் துணியும் சேர்த்துத் தைக்க ஆள் வேண்டும் என்று சார் கேட்டபோது, "எங்கக்கா இருக்குது சார். கை நல்லா பேசும், வாய்தான் பேசாது" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் தலையை ஆட்டினேன். அப்படித்தான் வேலையில் சேர்ந்தேன். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நடுவில் திரை மட்டும்தான். என் வீட்டு மெஷினை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். கம்பெனிகளில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளில் கிரீடம் தைத்தேன், இடுப்புவார் தைத்தேன். ஒத்திகை முழுவதும் திரைக்கு இந்தப் பக்கம் என் காதில் விழும். பேச வேண்டியது இல்லை, எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். அப்படி ஒரு இடம் எனக்கு அந்த வயதில்தான் கிடைத்தது.

சாருக்கு ஒரு முறை உண்டு. நடிக்க வருகிறவர்களிடம், "ஒரு ஆளைக் கொண்டு வா" என்பார். ஆளை நேரில் கூட்டி வருவது இல்லை. பஸ் ஸ்டாண்டிலோ கறிக்கடையிலோ கம்பெனி கேட்டிலோ ஒருத்தரைப் பார்த்து வைத்து, அவர் நடை, பேச்சு, மூக்கைச் சொறிகிறது வரைக்கும் உடம்பில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். காட்பாடி பஸ் கண்டக்டர் ஒருத்தரை ஒரு பையன் அப்படிக் கொண்டுவந்தான். வாயில் சீட்டைக் கவ்விக்கொண்டு கண்ணாலேயே சில்லறை கேட்கிறவர். திரை இடுக்கில் பார்த்து நானும் சிரித்தேன். அந்தக் கண்டக்டருக்குத் தெரியுமா தெரியாதா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு தோல் கம்பெனிக் குடும்பங்களுக்குக் கழிவு வாய்க்கால் தகராறு, அதற்கு நடுவில் இந்த வீட்டுப் பெண்ணுக்கும் அந்த வீட்டுப் பையனுக்கும் காதல் என்று ஒரு நாடகத்தைப் புதிதாக எடுத்தார்கள். அதில் பெண்ணைப் பிறந்ததிலிருந்து வளர்க்கிற வேலைக்கார அம்மா ஒருத்தி வருகிறாள். அந்த வேஷம் குடியாத்தத்திலிருந்து வருகிற பெண்ணுக்குப் போனது. லுங்கித் தறி போட்டிருக்கிற வீட்டுப் பெண். முப்பது வயது இருக்கும். நாடகம் படித்தவள். குழுவிலேயே நன்றாக நடிக்கிறவள் அவள்தான். ஆனால் இந்த வேஷம் அவளுக்கு வரவில்லை. முதுகை வளைத்துக் குரலை நடுக்கிப் பேசினாள். சார் ஒத்திகையை நிறுத்தி, முதுகு வளைந்தால் கிழவி ஆகிவிடுமா, வயசை விடு, ஆளைக் கொண்டு வா என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் பின்னறைக்கு வந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். என் தண்ணீரைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் வர ஆரம்பித்தாள். ஊசியில் நூல் கோத்துத் தருவாள். மத்தியானம் என்னோடு சாப்பிடுவாள். குடியாத்தம் பஸ்ஸை விட்டுவிட்டால் என் வீட்டிலேயே தங்குவாள். என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் பாப்பா என்றேன். மருந்துக் கடைக்கு, ரேஷனுக்கு, வளத்தூரில் இருக்கிற என் நாத்தனார் வீட்டுக்குக்கூட என்னோடு வந்தாள். மகன் பெங்களூருக்குப் போனதிலிருந்து என் வீட்டில் இரண்டு தட்டு வைத்ததில்லை. வைக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது, மேடை ஏறுவதற்கு முன்னால் எல்லாம் மறந்துபோய்விடும் என்று பயமாக இருக்கிறது என்று சொன்னாள். இத்தனை நன்றாகப் பேசுகிறவளுக்கே பயமா என்று எனக்கு ஆச்சரியம். ஒரு மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. அவளுக்குத் தைரியம் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு என் பழக்கத்தைச் சொன்னேன். அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எப்படிச் சொல்லிப் பார்ப்பேன், உதடு அசையுமா, எத்தனை தடவை, முந்தானையை எந்தக் கையால் பிடிப்பேன் என்றெல்லாம் கேட்டாள். இத்தனை அக்கறையாக என்னை யாரும் கேட்டது கிடையாது. அதனால் ஸ்டேஷன் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

என் மகன் பெங்களூரில் வேலை கிடைத்து, பெண்டாட்டியோடு கிளம்பிய அன்றைக்கு நடந்தது அது. போகாதே கண்ணு, இங்கேயே இரு, எனக்குத் தனியாக இருக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று விடியற்காலையிலிருந்து வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இட்லி ஊற்றும்போது ஓட்டினேன். ஆட்டோவில் ஓட்டினேன். ஆம்பூர் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றது. அவன் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்து, "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்றேன். எடுத்துக்கொண்டேன் என்றான். வண்டி போய்விட்டது.

எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். உண்மையாகவே இல்லை. நான் சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான், வாழ்க்கை முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பார்த்து இங்கே ஒரு கம்பெனியில் கிடந்திருப்பான். சொல்லாமல் போனதே நல்லதாகப் போயிற்று. அம்மா சந்தோஷமாக வழியனுப்பினாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், மருமகளும் அப்படித்தான் நினைக்கிறாள், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எச்சில் கையோடு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு அந்த வேஷம் அவளுக்கு நன்றாக வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயம் பார்த்து என் நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை. நான் வளத்தூரில் தங்கிவிட்டேன். கடைசி ஒத்திகைகளை நான் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்துக்கு மகனையும் மருமகளையும் வரச் சொன்னேன். நானாக அவர்களை ஒன்றுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த நாடகத்து உடுப்பெல்லாம் நான் தைத்தது என்று காட்ட ஆசை. சார் என்னைப் பின்னறைக்குப் போக விடவில்லை. இன்றைக்கு முன்னால் உட்கார்ந்து பாருங்கள் என்று இரண்டாவது வரிசையில் நாற்காலி கொடுத்தார். இடது பக்கம் மகன், வலது பக்கம் பக்கத்து வீட்டுக்காரி. அவனுக்கு அந்தப் பக்கம் மருமகள்.

வேலைக்கார அம்மா மேடைக்கு வந்தாள். என் நடை. மெஷின் பெடலை மிதித்து மிதித்து வலது கால் கொஞ்சம் இழுக்கும் எனக்கு. அதே இழுப்பு. ஏதோ பேச வேண்டிவந்தது. முந்தானையை இடது கையால் வாயருகே கொண்டுபோய், திரும்பி நின்று, உதட்டை அசைத்தாள். பிறகு எஜமானியம்மா எதிரில் போய் நின்று வேறு எதுவோ உளறினாள். கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரி என் தொடையைக் கிள்ளி, "அக்கா, இது நீதான். அல்லா சத்தியமா அப்படியே நீதான்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. எனக்குப் பின்னால் இருந்த கம்பெனிப் பெண்கள் எட்டி என் முகத்தைப் பார்த்தார்கள். என் மகனும் சிரித்தான். குனிந்து என்னைப் பார்த்து, "ம்மா, உன்ன எப்படிப் புடிச்சிருக்காங்க பாரு" என்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டிக்கொண்டேன். முந்தானையைத் தொடப் பயமாக இருந்தது.

இதோடு போயிருந்தால்கூட நான் எழுந்து வீட்டுக்குப் போய், ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பியிருப்பேன். என் மேல் ஆசைப்பட்டுச் செய்திருக்கிறாள் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன்.

பெண் வீட்டைவிட்டுப் போகிற இடம் வந்தது. தோல் காயப்போடுகிற மாடியிலிருந்து பையோடு இறங்கி வருகிறாள். கீழே வேலைக்கார அம்மா நின்றுகொண்டு, முந்தானைக்குள், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிப் பார்த்தாள். "போவாத கண்ணு. இங்கயே இரு. எனக்குத் தனியா இருக்கத் தெரியாது." கோபமாக ஒரு தடவை, கெஞ்சி ஒரு தடவை, விளையாட்டாக ஒரு தடவை. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. பெண் எதிரில் வந்து நின்றாள்.

"தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?"

ஷெட்டே குலுங்கியது. என் இடது பக்கத்தில் மட்டும் சிரிப்பு நின்றுபோனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

வீட்டுக்கு நடந்து போனோம். சோறு போட்டேன். மருமகள் நல்ல பெண். கோபமாகப் பேசக்கூட அவளுக்கு வராது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாங்க விட்டுட்டுப் போய்ட்டோம்னு ஊருக்கே நாடகம் போட்டுக் காட்டணுமா அத்தே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

ஊருக்குச் சொல்லவில்லை, ஒருத்தியிடம்தான் சொன்னேன், அவள் மகள் மாதிரி என்று நினைத்துச் சொன்னேன், நீங்கள் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். இதையெல்லாம் வாய்க்குள் வரிசையாக வைத்தேன். வெளியே வந்தது, "சாப்புடுங்க, ஆறிடும்" என்பதுதான்.

என் மகன் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான். அன்றைக்கு ஸ்டேஷனில் நான் அதைத்தான் சொல்ல வந்தேனா என்று கேட்டான். அதெல்லாம் நாடகம்டா என்றேன். "நாடகத்துக்கு அந்தத் தண்ணி பாட்டில் எப்படிம்மா தெரியும்?" என்றான். காலையில் முதல் வண்டிக்குப் போய்விட்டார்கள். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பாப்பா பின்னறையில் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்து, எப்படி இருந்தது, ஏன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள் என்று கேட்டாள். நான் முந்தானையை எடுத்தேன். எடுத்ததும் அவள் கண் மாறியது. என் உதட்டுக்குப் போனது, கைக்குப் போனது, திரும்ப உதட்டுக்கு வந்தது. முகத்தில் பாசம் அப்படியேதான் இருந்தது. அந்தப் பாசத்தோடேயே பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட நாளெல்லாம் இந்தக் கண்ணுக்குத்தான் நான் சோறு போட்டிருக்கிறேன்.

சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. நினைக்காத ஒன்றை வாய் தானாகச் சொன்னது. "அது என் வாய்க்குள்ள இருந்தது பாப்பா. அதையும் எடுத்துக்கினா நான் எத வெச்சிக்கினு இருக்கறது?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "அந்த எடத்துலதாம்மா எல்லாரும் அழுதாங்க."

"சிரிச்சாங்க."

"மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. உங்கள நெனச்சித்தான்."

"என்ன நெனச்சி யாரும் அழ வாணாம். அத எடுத்துடு."

இதைக் கேட்டுக்கொண்டு சார் உள்ளே வந்தார். அவருக்கு இதில் என்ன தப்பு என்றே விளங்கவில்லை. ஒருத்தர் மேல் நிஜமான ஆசை இருந்தால்தான் அவரை இப்படிக் கொண்டுவர முடியும் என்றார். அடுத்த ஆட்டம் முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லோருக்கும் காட்டி, சால்வை போடலாம் என்றார். அத்தனை பேர் பார்க்க நான் மேடையில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மரியாதை செய்வதாகத்தான் அவர் நினைத்தார். நான் அவளை மட்டும் பார்த்தேன். அவள் என் கைமேல் கையை வைத்து, தண்ணி பாட்டிலை எடுத்துவிடுகிறேன், அந்தப் பேச்சு முழுவதையும் எடுத்துவிடுகிறேன், சத்தியம் என்றாள். நான் நம்பினேன். திரும்ப மெஷினில் உட்கார்ந்து, டிரம் உருட்டுகிற சூனியக்காரிகளின் கிழிந்த ஏப்ரனைத் தைக்க ஆரம்பித்தேன்.

மற்ற இரண்டு நாடகமும் போய், திரும்ப இதன் முறை வந்தது. நான் பின்னறையில் இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல். நான் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பெண் பையோடு இறங்கி வருகிற இடம். வேலைக்கார அம்மா எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. தண்ணி பாட்டிலும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு லேசானது.

அப்புறம் அந்தப் பெண், போகிற போக்கில், வேலைக்கார அம்மாவின் மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பதில் கேட்டது.

"அது என் வாய்க்குள்ள இருந்தது பாப்பா. அதையும் எடுத்துக்கினா நான் எத வெச்சிக்கினு இருக்கறது?"

நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கேயே மூச்சு விட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு நிறையப் பேர்.

பாதி தைத்த துணியை ஊசியிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. சமோசா விற்கிறவர் இடைவேளைக்காகக் கடாயை ஏற்றிக்கொண்டிருந்தார். ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டி போகிற வரைக்கும் நின்றேன். கை தட்டுகிற சத்தம் அங்கே வரைக்கும் வந்தது.

பிறகு நான் அங்கே போகவில்லை. மெஷினை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். மேலே ஒரு புதுப் புடவை மடித்து வைத்திருந்தது. அதை அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பினேன். குடியாத்தத்துப் பெண் வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வெளியே போய்ப் பேசினாள். இவளுக்கு என் கோபம் புரியவே இல்லை. "உன்ன பெரிய ஆளா ஆக்கிட்டாங்க, நீ இன்னாக்கா இப்படி பேஜார் பண்றே" என்பாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெங்களூரில் அந்த நாடகத்தைப் போட்டு நல்ல பேர் வாங்கினார்களாம்.

மருந்துக் கடையில் நான் போய் நின்றால், நாடகம் பார்த்த கடைக்காரர் இப்போது மற்றவர்களை நிறுத்திவிடுகிறார். "அம்மா, சொல்லிப் பாத்துக்குங்க. ஒண்ணும் அவசரமில்ல. நான் இருக்கேன்" என்கிறார். அவர் கிண்டல் பண்ணவில்லை. நல்ல மனிதர். கடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்ப்பார்கள். நான் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் காட்டுகிறேன். முந்தானையைப் பிடிப்பதை விட்டுவிட்டேன். பிடித்தால் நான் பிடிக்கிற மாதிரி இல்லை, அவள் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் மகனுடைய பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். என்னம்மா செய்தாய், குழம்பு என்ன, கால் வலி எப்படி என்பான். நானும் இரண்டு வார்த்தை சொல்லுவேன். அவ்வளவுதான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. இப்போது தினமும் பண்ணுகிறான். நான் எதைச் சொன்னாலும் உடனே பதில் சொல்லுவது இல்லை. நான் சொன்னதற்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கும், அது வரட்டும் என்று காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்பு எனக்குப் போனில் கேட்கிறது.

போன வாரம் பாலாற்றில் தண்ணீர் வந்தது. பாலத்தின் மேல் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போய்ப் பார்த்தேன். செம்மண் கலந்த தண்ணீர், நுரையைத் தள்ளிக்கொண்டு, கரை ஓரம் முள்செடிகளைச் சாய்த்துக்கொண்டு போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்னதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் அப்பா இப்படி வெள்ளம் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், வாய்க்குள் சொல்லிப் பார்க்காமலேயே, நானாக அவனுக்குப் போன் போட்டேன்.

"ஆத்துல தண்ணி வந்திருக்குதுடா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு, "அப்படியா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ம்மா, இன்னா சொல்ல வர்றே? நெஜமா சொல்லு" என்றான்.

தண்ணீர் வந்திருக்கிறது என்றுதான் சொன்னேன் என்றேன். அவன் மறுபடியும் காத்திருந்தான். எனக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து மருமகள், அத்தை என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது காதில் விழுந்தது.

அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு அவளுக்குச் சொன்னான். மூடினாலும் கேட்டது.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."